ஓரகத்தியின் சாட்சி

குணசேகர் தன் பெண்டாட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவனோ நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு மைதிலியை உட்காரவைத்து, ரப்பர் பேண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, தேர்வடம் திரிக்கிறவன் மாதிரி முழுக் கவனத்தோடு பின்னிக்கொண்டிருந்தான்.

சமையலறை வாசலில் தோசைத் திருப்பியோடு நின்றிருந்த சீதாலட்சுமிக்கு வயிற்றுக்குள்ளே இன்னொரு அடுப்பு பற்றிக்கொண்டது.

"அண்ணி... தோசை தீயற வாசனை வருது."

"தீயட்டும் தம்பி. இந்த வீட்ல தீயறதுக்குன்னே சிலது இருக்கு."

மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய வலது கை, யாரோ மறந்துவிட்டுப் போன குடை மாதிரி மடியில் கிடந்தது. நெற்றிப் பொட்டு இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. அதைப் பார்த்ததில் சீதாவுக்கு ஒரு சின்னத் திருப்தி. பாவம், அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

"சீதா! காபி எங்கே?" முன்னறையிலிருந்து குரல் வந்தது. அவள் கணவர் உத்தமன். இருபத்தாறு வருட தாம்பத்தியத்தில் அவள் தலைமுடி சுருட்டையா நேரா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். ஒருமுறை அவள் டைபாய்டில் படுத்திருந்தபோது கட்டிலருகே வந்து நின்று, "அப்போ இன்னைக்குச் சாப்பாடு?" என்று மனமுருகிக் கேட்டிருக்கிறார். அந்த அளவுக்குப் பாசம்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே அடுப்பு. அண்ணன் உத்தமன், தம்பி குணசேகர். மைதிலிக்குக் கைக்குழந்தை இருந்தபோது பீன்யாவில் துணி ஆலையில் வேலை கிடைத்தது. குழந்தையை யார் பார்ப்பது என்று கூடத்தில் மாநாடு நடந்தது. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்த சீதாவை எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மாநாடு அத்தோடு முடிந்தது. அவள் வேலையை விட்டாள். தன் மகள் தர்ஷினியோடு மைதிலியின் மகன் ஹரிஷையும் சேர்த்து வளர்த்தாள். இரண்டும் வளர்ந்து, ஒன்று கல்யாணமாகியும் மற்றது படிக்கவும் வெளியூர் போய்விட்டன. இப்போது யாராவது வந்து விசாரித்தால் உத்தமன் சொல்லும் பதில்: "தம்பி சம்சாரம் கம்பெனில சூப்பர்வைசர். நம்ம சம்சாரம் வீட்ல சும்மாதான் இருக்கா."

அந்தச் 'சும்மா'வை விடிகாலையில் தொடங்கி ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதுவரை செய்தாக வேண்டும்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம், ஆலையில் மேல் அலமாரியிலிருந்து ஒரு துணிச் சுருள் உருண்டு மைதிலியின் தோள்மேல் விழுந்தது. தசைநார் கிழிந்துவிட்டது. ஒரு ஆபரேஷன் ஆகியும் கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்யவில்லையென்றால் கை கடைசிவரை இப்படியேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் பதவி உயர்வில் சம்பளம் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் வரம்பைத் தாண்டியிருந்ததால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. அந்தப் பதவி உயர்வுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தவள் சீதா! இப்போது கம்பெனிமேல் இழப்பீடு கேட்டு வழக்கு. அதை நம்பித்தான் ஆபரேஷன்.

வீட்டில் எல்லோரும் மைதிலியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். ஆரஞ்சு ஜூஸ் என்ன, தலையணை என்ன, "வலிக்குதாம்மா?" என்ன! ஹரிஷ் தினமும் போன் செய்து, "அம்மா எப்படியிருக்காங்க பெரியம்மா?" என்று பெரியம்மாவிடமே கேட்பான். பெரியம்மாவின் முட்டி எப்படியிருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தோன்றியதில்லை.

இவள் நடிக்கிறாள் என்று சீதா முடிவுகட்டினாள். என்றைக்காவது ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று அன்றிலிருந்து ஓரகத்தியின் வலது கைமேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் மைதிலியின் வக்கீல் ஜூடித் ஒரு மத்தியானம் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். சின்ன வயது, ஆனால் முகத்தில் அன்றைக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"இதை யார் போட்டது?"

போனில் ஒரு படம். தெருவை அடைத்த பிரம்மாண்டமான பொங்கல் கோலம். பக்கத்தில் சால்வை போர்த்தியபடி மைதிலி. அவள் இடது கையில் பரிசாக ஒரு ஹாட் பேக் செட்டை உத்தமன் கொடுக்கிறார்.

"நான்தான்மா போட்டேன்." உத்தமன் நாற்காலியில் நிமிர்ந்தார். "நம்ம பேரவையோட பேஸ்புக் பக்கத்துல."

தமிழ் மக்கள் பண்பாட்டு நல்லிணக்க மறுமலர்ச்சிப் பேரவையின் பொதுச் செயலாளர் அவர். பெயர்ப்பலகையில் எழுத்துகளை எண்ணினால் உறுப்பினர்களை எண்ண வேண்டியதில்லை; எழுத்துகள்தான் அதிகம்.

"கீழ என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க சார்."

உத்தமன் கண்ணாடியைச் சரிசெய்து, தன் எழுத்தைத் தானே ரசித்து, ராகத்தோடு வாசித்தார். "'எழிலரசி திருமதி மைதிலி குணசேகர் அவர்கள், தமது பொற்கரமாம் வலக்கரம் சுழன்று சுழன்று, விடியுமுன் தீட்டிய வண்ணக் காவியம்...'"

"போதும் சார்!" ஜூடித் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கம்பெனி வக்கீல் கோதண்டராமன் இதைத்தான் சாட்சியமா வெச்சிருக்காரு. கை தூக்க முடியாதவங்க வலக்கரத்தைச் சுழட்டிச் சுழட்டித் தெரு பூரா கோலம் போட்டிருக்காங்கன்னு. கேஸே போச்சு!"

"அது இலக்கியம்மா..."

"விசாரணையில இலக்கியம் செல்லாது சார். உண்மையில கோலம் போட்டது யாரு?"

குணசேகர் தரையைப் பார்த்தான். மைதிலி ஜன்னலைப் பார்த்தாள். உத்தமன் தன் இலக்கியத்தைப் பார்த்தார். சீதா இருந்த திசையில் மட்டும் யாருமே பார்க்கவில்லை. வழக்கம்தானே!

நடந்தது இதுதான். பேரவை நடத்திய கோலப் போட்டிக்காக விடியுமுன் பனியில் குந்தி உட்கார்ந்து, முட்டி தேய, கோலத்தைப் போட்டு முடித்தவள் சீதா. நடுவர்கள் வருவதற்குள் பொங்கல் வைக்க அவள் உள்ளே ஓட, உத்தமனுக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. செயலாளர் மனைவிக்கே முதல் பரிசா? நாலு பேர் நாக்கு சும்மா இருக்குமா? கறைபடாத தன் பொதுவாழ்வைக் காப்பாற்ற, பட்டியலில் தம்பி மனைவியின் பெயரை எழுதிவிட்டார். பரிசும் வீட்டைவிட்டுப் போகாது, நேர்மையும் வீட்டைவிட்டுப் போகாது. உள்ளே பால் பொங்கியபோது வெளியே மைதிலிக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சீதாவின் காதில் இன்னும் ஓயவில்லை.

"இடது கையால போட்டான்னு சொல்லிட்டா?" என்று உத்தமன் ஒரு யோசனை கொடுத்தார்.

"வலக்கரம்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

"அண்ணா..." குணசேகர் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணி போட்டாங்கன்னு உண்மைய சொல்லிடலாமே."

"என்னடா பேசற? பேரவைப் பொதுச் செயலாளர் ஆள்மாறாட்டம் பண்ணான்னு ஆபீசர் முன்னாடி சொல்றதா? என் மானம் கப்பலேறணுமா? சீதா சாட்சி சொல்ல வரமாட்டா. அவளுக்கு என்ன தெரியும், வீட்ல சும்மா இருக்கறவ!"

சீதா சமையலறைக்குப் போனாள். நெஞ்சுக்குள் இனித்தது என்று சொன்னால் பாவம், ஆனால் இனித்தது! நான் போட்ட கோலம்டி அது... எடுத்துக்கிட்டியே, இப்ப அதுவே உன்னை எடுத்துக்கிச்சு பார்!

குணசேகர் பின்னாலேயே வந்தான். "அண்ணி..."

"என்ன தம்பி? இந்த வீட்ல யார் வேலை செய்யறான்னு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"தப்புதான் அண்ணி."

"என் வேலைய விட்டேன். உன் புள்ளைய என் மடியில போட்டுத் தூங்க வெச்சேன். அதுக்கு ஒரு வார்த்தை உண்டா? என் கோலத்துக்கு எவளோ பரிசு வாங்கறா... நீயும் நின்னு கைதட்டினியே தம்பி! எனக்கு வலிக்காதா? என் வலிக்கு எந்தக் கம்பெனி நஷ்டஈடு தரும், சொல்லு!"

அவன் தலைகுனிந்து நின்றான். வாசலில் மைதிலி வந்து நின்றதை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"அக்காவைக் கேக்காதீங்க. மாமாவுக்குக் கெட்ட பேரு வரும்... கேஸை விட்டுடலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சீதாவைப் பார்த்தாள். "அந்த ஹாட் பேக்கை உங்ககிட்ட குடுத்துடறேன்னு அன்னைக்கே மாமாகிட்ட சொன்னேங்க்கா. ஆள் மாறினா ரெக்கார்டு மாறிடும்னாரு. இன்னும் பிரிக்கவேயில்லக்கா."

சீதா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லவளாகக்கூட இவளே இருந்து தொலைக்கவேண்டுமா? அதற்கும் சேர்த்துப் பொறாமையாக வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். சீதா மொட்டை மாடிக்கு வடகம் புரட்டப் போனவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சட்டென்று நின்றாள். மைதிலி தனியாகக் கொடிக்கயிற்றருகே நின்றிருந்தாள். கையில் ஈரத் துண்டு.

வசமாக மாட்டினாள்! யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அந்த வலது கை தானாக மேலே போகும், பார்!

மைதிலி வலது கையைத் தூக்கினாள். மார்புவரை வந்தது. பல்லைக் கடித்தாள். கை நடுங்கி இறங்கிவிட்டது. இடது கையால் துண்டை வீசினாள். கயிற்றில் தங்காமல் அழுக்குத் தரையில் விழுந்தது. எடுத்துக் குழாயில் அலசினாள். ஒற்றைக் கையால் பிழிய வராமல், ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு முறுக்கினாள். மறுபடி வீசினாள். மறுபடி விழுந்தது. மறுபடி அலசினாள்.

யாரையும் கூப்பிடவில்லை. "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டே சத்தமில்லாமல் அழுதாள்.

பார்க்க ஆளில்லாத இடத்தில் யாருக்காக நடிப்பாள்?

சீதா வடகத்தைப் புரட்டாமலேயே இறங்கி வந்தாள். அவள் பொறாமை எங்கும் ஓடிப்போய்விடவில்லை. அது அப்படி ஓடுகிற ரகமில்லை. ஆனால் முதல்முறையாக அதற்குப் பேச வாயில்லாமல் போயிற்று.

விசாரணை நாள் காலையில் உத்தமன் பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தம்பி குடும்பத்தின் நன்னடத்தைக்குத் தாமே நேரில் சான்று சொல்வதாக ஏற்பாடு. கோலத்தைப் பற்றிக் கேட்டால் இலக்கியத்தால் சமாளிப்பதாகத் திட்டம். வாசலில் சீதா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கே?"

"ஜூடித்துகிட்ட பேசிட்டேன். சாட்சி சொல்ல வர்றேன்."

"பைத்தியமா உனக்கு? நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க... இருபத்தாறு வருஷமா தெரியும். நகருங்க, ஆட்டோ நிக்குது."

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி கண்டிப்பான கன்னட அம்மாள். தமிழும் புரியும், வம்பளப்பு மட்டும் புரியாது. சீதா, கோலம் போட்டது தான்தான் என்று சொல்லி முடித்ததும் கோதண்டராமன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்து நிற்பதற்கே ஒரு முன்னுரை தேவைப்பட்டது.

"ஆக, அம்மா... நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஓரகத்திக்குப் பணம் வந்தா உங்களுக்கும் லாபம். அதனால பாசத்துல ஒரு பொய் சொல்றீங்க. ஒத்துக்கறீங்களா?"

சீதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார், உங்க சம்சாரத்துக்கு ஓரகத்தி இருக்காங்களா?"

"அது... இதுக்குச் சம்பந்தமில்லை."

"இருந்திருந்தா பாசம்ங்கற வார்த்தை உங்க வாய்ல வந்திருக்காது சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மேசையில் தட்டினார். "நீவு ஹேளம்மா. சொல்லுங்க."

"எனக்கு இவளைக் கண்டா ஆகாதும்மா!" சீதாவின் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. "இவ வேலைக்குப் போனா பொறாமை. பதவி வந்தா பொறாமை. கையொடிஞ்சு உக்காந்தா, புருஷன் நடுக்கூடத்துல தலை பின்னிவிடறான், அதுக்கும் பொறாமை! இவ நடிக்கறான்னு புடிச்சுக் குடுக்கணும்னு எட்டு மாசமா வேற வேலையே பாக்கலம்மா. குளிக்கறப்போ கதவுகிட்ட நின்னு, சொம்பு எந்தக் கையில மொள்றான்னு சத்தத்தை வெச்சுக் கேட்டிருக்கேன். மத்தியானம் தூங்கறப்போ போய் நின்னு பாத்திருக்கேன். தூக்கத்துல யாராவது நடிப்பாங்களா? அந்தப் பக்கம் புரண்டா 'அம்மா'ன்னு அலறி எழுந்துக்கறா. ரவிக்கை போட புருஷன் வேணும். பொட்டு கோணலா வெப்பா... அந்தக் கோணல் பொட்டைப் பாத்துச் சந்தோஷப்பட்ட பாவிம்மா நான்!"

கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"இந்த எட்டு மாசத்துல ஒரு தடவை... ஒரே ஒரு தடவை... அந்தக் கை மேல போயிருந்தா, முதல் ஆளா உங்க கம்பெனிக்கு நானே போன் பண்ணியிருப்பேன் சார். போகல. அந்தக் கையால இவ கோலம் போட்டான்னு சொல்றீங்களே! அது நான் போட்டது. என் முட்டி தேஞ்சு போட்டது. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் இவ பேருக்கே எழுதிடாதீங்க!"

கோதண்டராமன் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி உத்தமனைக் கூப்பிட்டார். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். "பெருமதிப்பிற்குரிய அம்மையார் அவர்களே! நிர்வாக நடைமுறைகளை முன்னிட்டும், பேரவையின் தூய்மையைக் கருதியும், அன்றைய தினம் பட்டியலில் ஏற்பட்ட ஒரு சிறு..."

"கோலம் யாரு போட்டாங்க?"

"அதைத்தான் விளக்குகிறேன். ஒரு பொதுநல அமைப்பு என்பது..."

"ஒந்தே மாத்து. ஒரே வார்த்தை. யாரு?"

பொன்னாடை நழுவியது. உத்தமன் மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு போக்கிடமில்லாமல் கடைசியாகச் சீதாவைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"என் சம்சாரம்..." என்றார். "அவதான் போட்டா."

வெளியே தாழ்வாரத்தில் சீதா சுவரோடு சாய்ந்து நின்றாள். மைதிலி அருகே வந்தாள். ஓரகத்தியின் பொறாமைப் பட்டியலை முழுக்கக் கேட்டவள். காறித் துப்பினாலும் தகும் என்றுதான் சீதா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... எட்டு மாசமா என்னைப் பாத்துக்கிட்டேயா இருந்தீங்க?"

"ஆமாடி. வெக்கமில்லாம பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னைக்கு மாடியில நீ துண்டோட அல்லாடினதையும் பாத்துட்டுத்தான் நின்னேன்... ஓடி வந்து வாங்கிக் காயப்போடல. திட்டுடி, நல்லாத் திட்டு!"

"நான் புரண்டு படுத்தா எந்தப் பக்கம் வலிக்குதுன்னு எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாதுக்கா..."

அவ்வளவுதான். சீதா வாய்விட்டு அழுதாள். மைதிலி ஒற்றைக் கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வலது கை மெல்ல எழும்பி, தோள்வரை போக முடியாமல், சீதாவின் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டது.

"உன்மேல எனக்கு இன்னும் பொறாமைதான்டி..."

"இருக்கட்டும்க்கா. உங்க கோலத்துமேல எனக்கும்தான்."

பேரவையில் அவசரக் கூட்டம் நடந்தது. உத்தமன் உருக்கமான உரையோடு பதவி விலகினார். அந்தப் பதவி வேறு யாருக்கும் வேண்டியிராததால் அடுத்த நிமிடமே ஏகமனதாக மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனாலும் அவர் வீட்டில் 'சும்மா' என்ற சொல்லைப் பயன்படுத்துவது குறைந்திருந்தது.

மழைக்காலம் முடியும் முன் தீர்ப்பு வந்தது. கேட்ட இழப்பீடு முழுவதும் தரவேண்டும், ஆபரேஷனுக்குத் தடையில்லை. கன்னடத்தில் இருந்த தீர்ப்பைக் கூடத்தில் நின்று, வரிவரியாகத் தமிழாக்கி வாசிக்கும் பொறுப்பை உத்தமன் தாமே எடுத்துக்கொண்டார். பாதியில் ஒரு பாராவுக்கு வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"இங்க ஏதோ சாட்சிங்க விவரம்... அது வேணாம், விடு." பக்கத்தைத் திருப்பப் போனார்.

சீதா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அவர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திருப்பாதீங்க. படிங்க."

உத்தமன் தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"'...கோலத்தை வரைந்தவர் சாட்சி திருமதி சீதாலட்சுமியே. மனுதாரர்மீது தமக்குப் பொறாமை உண்டென்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகையால் அவர் சொல்வதை நம்பாதிருக்கக் காரணமில்லை. தம் மனைவியின் உழைப்பை வேறொருவர் பெயரில் பதிந்தவர், சாட்சியின் கணவர்...'" குரல் தேய்ந்து தேய்ந்து கடைசி வரியில் காணாமலே போயிற்று.

மைதிலி சீதாவின் தோளில் சாய்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து படிங்க," என்றாள். "தெருவுக்குக் கேக்கற மாதிரி."